டிவியைக் கடைசியாக வாங்குங்கள்

தம்பி, நீங்கள் கேட்டது இதுதானே. திருச்சியில் வீடு கட்டுகிறீர்கள், பூச்சு வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஹால் 16 அடிக்கு 12 அடி, உயரம் 10 அடி. ஹோம் தியேட்டருக்கு 3 லட்சம் ஒதுக்கியிருக்கிறீர்கள். கடைக்காரர் 75 அங்குல டிவியையும் அட்டையில் '1000 வாட்' என்று அச்சடித்த ஒரு ஸ்பீக்கர் செட்டையும் சேர்த்து விலை சொல்லிவிட்டார். இப்போது வீட்டில் இருக்கும் டிவியில் அம்மாவுக்கு வசனம் சரியாகக் கேட்பதில்லை. சத்தத்தைக் கூட்டினால் அடுத்த சண்டைக் காட்சியில் வீடே அதிர்கிறது. எந்த டிவி, எந்த ரிசீவர், எந்த ஸ்பீக்கர்?

நீங்கள் கேட்ட வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பதுதான் என் பதில். முதலில் அறை, அடுத்து ஸ்பீக்கர், பிறகு ஒலியைப் பிரித்து எல்லா ஸ்பீக்கரையும் ஓட்டும் ரிசீவர், கடைசியில் டிவி. இருபது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். 'டிவி சின்னதாகப் போய்விட்டது' என்று போன் செய்தவர்கள் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். 'பேசுவது புரியவில்லை' என்று போன் செய்தவர்களுக்குக் கணக்கே இல்லை.

அம்மாவுக்கு ஏன் கேட்கவில்லை? காதில் குறை இருக்கலாம், அதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஆனால் பெரும்பாலும் காரணம் வேறு. இன்றைய டிவி இரண்டு விரல் தடிமன்கூட இல்லை. அதற்குள் இருக்கும் ஸ்பீக்கர் தரையைப் பார்த்தோ சுவரைப் பார்த்தோ பேசுகிறது, உங்களைப் பார்த்து அல்ல. படத்தின் ஒலியோ தியேட்டருக்காகச் செய்தது. ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு பேஸ் பெட்டிக்குமாகப் பிரித்த 5.1 ஒலியில் வசனத்தின் பெரும்பங்கு சென்டர் சேனலில், அதாவது நடு ஸ்பீக்கருக்கான ஒலித்தடத்தில், தனியாக இருக்கும். டிவி அதை இடது வலது இசையோடும் வெடிச் சத்தத்தோடும் சேர்த்துப் பிசைந்து, அந்த இரண்டு குட்டி ஸ்பீக்கரில் அடைக்கிறது. மெல்லப் பேசுவதற்கும் குண்டு வெடிப்பதற்கும் தியேட்டரில் வைத்த இடைவெளி அப்படியே வீட்டுக்கும் வந்துவிடுகிறது. அதனால் அம்மா ரிமோட்டைக் கையிலிருந்து கீழே வைப்பதில்லை. இதற்கு மருந்து வாட்டும் அல்ல, அங்குலமும் அல்ல. வசனத்துக்கென்று தனியாக ஒரு நல்ல ஸ்பீக்கர், அது பேசுவதைக் குழப்பாத ஒரு அறை.

அறையிலிருந்து வருவோம். நம் ஊர் வீடு ஒலிக்கு எதிரி. செங்கல் சுவர், சிமென்ட் பூச்சு, கீழே வழவழப்பான டைல்ஸ், மேலே காங்கிரீட் தளம். பூசிய சுவரில் மோதும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கைத்தான் சுவர் விழுங்கும், மிச்சம் திரும்பி வரும். வீடு முடிந்ததும் சாமான் ஏற்றுவதற்கு முன்னால் வெறும் ஹாலின் நடுவில் நின்று ஒரே ஒரு கை தட்டுங்கள். 'ட்ர்ர்ர்' என்று ஒரு உலோக வால் இழுபடும். ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் அந்த வால் ஒட்டிக்கொள்ளும். 'வந்தான்' என்றாரா 'வந்தாள்' என்றாரா என்று அம்மா குழம்புவது அதனால்தான். சொல்லை அடையாளம் காட்டுவது மெய்யெழுத்து. எதிரொலி முதலில் அழிப்பதும் அதைத்தான்.

இதற்காக ஸ்டுடியோ மாதிரி பஞ்சு ஒட்ட வேண்டாம். துணி சோபா போடுங்கள்; லெதர் சோபா ஒலியை விழுங்காது, வெயில் காலத்தில் முதுகிலும் ஒட்டும். ஜன்னலுக்குக் கனமான திரை, அதுவும் ஜன்னல் அகலத்தைப் போல ஒன்றரை இரண்டு மடங்கு துணி எடுத்து மடிப்பு மடிப்பாகத் தொங்க வேண்டும். சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் தரையில் தடிமனான விரிப்பு. பவானி ஜமுக்காளம் அழகுதான், ஆனால் ஒற்றையாக விரித்தால் உச்ச ஒலியை மட்டும் கொஞ்சம் தொடும். அடியில் ஒரு தடித்த ஃபெல்ட் போட்டு அதன்மேல் விரியுங்கள். சோபாவுக்குப் பின்சுவரில் புத்தக அலமாரி இருந்தால் இன்னும் நல்லது. இத்தனைக்கும் ஆகும் செலவு ஒரு சுமாரான ரிசீவருக்கும் நல்ல ரிசீவருக்கும் உள்ள விலை வித்தியாசம்கூட வராது, பலன் அதைவிடப் பெரிது.

அடுத்து உட்காரும் இடம். பெரும்பாலானவர்கள் சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போடுகிறார்கள். படத்துக்கும் ஒலிக்கும் அது மோசமான இடம். 16 அடி நீளமுள்ள அறையில் 35 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பேஸ் (அடித்தொனி) அலை நின்று ஆடும். சுவரோரம் அது குவிந்து 'கும் கும்' என்று அடைக்கும். சரியாக நடுவில், அதாவது 8 அடியில், காணாமல் போகும். ஆகவே சுவரும் வேண்டாம், நட்டநடுவும் வேண்டாம். டிவி 12 அடிச் சுவரில் இருக்கட்டும். உட்கார்ந்திருப்பவர் தலை திரையிலிருந்து 9 அடியில் வரட்டும். பின்னால் ஆறு அடி மிஞ்சும், நடக்கவும் சாப்பாட்டு மேசை போடவும் போதும்.

இந்த 9 அடிதான் டிவி அளவையும் தீர்மானிக்கிறது. திரை கண்ணில் சுமார் 30 டிகிரி கோணத்தை அடைக்க வேண்டும் என்பது திரைத்துறை அளவுகோல். கணக்குப் போட்டால், திரையின் குறுக்களவைப்போல் 1.6 மடங்கு தூரத்தில் உட்கார வேண்டும். 65 அங்குலத்துக்கு அது 104 அங்குலம், ஏறக்குறைய 9 அடி. 75 அங்குலத்துக்கு 10 அடி. சோபாவைப் பத்தரை அடிக்குத் தள்ளினால் கடைக்காரர் சொன்ன 75 சரியான அளவுதான், அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் உங்கள் பணத்தில் 75 வாங்கினால் அதிலேயே மட்டமான ஒன்றுக்குத்தான் போக வேண்டியிருக்கும். சோபாவை ஒன்றரை அடி முன்னால் இழுங்கள். அதே கோணம் 65-லேயே கிடைக்கும், அந்த விலைக்கு நல்ல பேனல் வரும், மிச்சம் ஸ்பீக்கருக்குப் போகும். ஒன்றரை அடி நகர்த்த யாரும் காசு கேட்கப் போவதில்லை.

இனி அவசரமான விஷயம். பூச்சு வேலைக்கு முன்னால் பைப் போட்டுவிட வேண்டும். பூசிய பிறகு சுவரைக் காடி எடுத்தால் தூசியும் செலவும் ஒரு பக்கம், கொத்தனாரைத் திரும்ப வரவழைக்கும் பாடு ஒரு பக்கம்.

எலக்ட்ரீஷியனிடம் இப்படிச் சொல்லுங்கள். டிவிச் சுவரின் கீழே ரிசீவர் வைக்கும் இடத்திலிருந்து இரண்டு பக்கச் சுவருக்கும் ஒவ்வொரு பைப். பக்கச் சுவரில் அது முடியும் இடம், டிவிச் சுவரிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி, தரையிலிருந்து நாலே கால் அடி உயரம். அங்கே வரும் பக்க ஸ்பீக்கர், அதாவது சரவுண்ட் ஸ்பீக்கர், உட்காருபவரின் காதுக்குச் சற்றே பின்னால், நேர் முன்னாலிருந்து அளந்தால் 110 முதல் 120 டிகிரியில் இருக்க வேண்டும். சோபாவில் உட்கார்ந்தால் காது மூன்றேகால் அடியில் இருக்கும், அதற்கு ஒரு அடி மேலே போதும். எலக்ட்ரீஷியன் விட்டால் லின்டல் மட்டத்தில் ஏழு அடியில் பாக்ஸ் வைத்துவிடுவார், பார்வைக்கு அது ஒழுங்காக இருக்கும் என்பதால். விடாதீர்கள். ஏழடியில் வைத்தால் மழை உங்களைச் சுற்றிப் பெய்யாது, பரணில் பெய்யும்.

டிவிக்குப் பின்னாலிருந்து கீழே ரிசீவருக்கு ஒன்றரை அங்குலப் பைப் ஒன்று தனியாக. எச்டிஎம்ஐ கேபிளின் தலை பெரியது, முக்கால் அங்குலப் பைப்பில் நுழையாது. எல்லாப் பைப்பிலும் ஒரு நைலான் கயிறு இழுத்து விட்டுவிடச் சொல்லுங்கள், பின்னால் எந்தக் கேபிள் வந்தாலும் இழுத்துக்கொள்ளலாம். கரண்ட் வயர் போகும் பைப்பில் ஸ்பீக்கர் வயரைச் சேர்க்கக் கூடாது.

வயருக்குப் பெரிய கடைக்குப் போக வேண்டாம். எலக்ட்ரிகல் கடையில் விற்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் பலபுரி செம்பு வயர் சிவப்பும் கறுப்புமாக வாங்கினால் போதும். உங்கள் வீட்டு நீளத்துக்கு அதைவிடத் தடித்தது எதுவும் தேவையில்லை. ஏமாறக் கூடாத இடம் ஒன்று உண்டு: அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய வயர் 'ஸ்பீக்கர் வயர்' என்ற பெயரில் மலிவாகக் கிடைக்கும். ஒரு புரியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அதைத் தொடாதீர்கள்.

மேலே ஸ்பீக்கர் வைக்கும் அட்மாஸ் வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, கடைக்காரர் கேட்பார். தளம் போட்டாயிற்று, அதற்குள் இனி பைப் போக வழியில்லை. ஃபால்ஸ் சீலிங் போடும் எண்ணம் இருந்தால் அதன்மேல் இரண்டு வயர் ஓட்டி, சோபாவுக்குச் சற்று முன்னால் வலமும் இடமுமாக விட்டு வையுங்கள். ஸ்பீக்கரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கூரையைப் பார்த்து ஒலியை எறிந்து கீழே திருப்பும் பெட்டிகளும் உண்டு. 10 அடித் தட்டைத் தளம் அதற்குத் தோதானதுதான். ஆனால் நம் ஹாலில் நடுவே ஓடுவது சீலிங் ஃபேன். பெட்டி வாங்கும்போது அந்த ஃபேனை யாரும் நினைப்பதில்லை. ஃபேனைப் பற்றி இன்னொன்று: நாலாம் எண்ணில் 'டொக் டொக்' என்று ஆடும் பழைய ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு லட்ச ரூபாய் ஸ்பீக்கரில் நுட்பம் தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது ஸ்பீக்கர். 3 லட்சத்தில் 1.2 லட்சம் இதற்குப் போகட்டும். முன்னால் மூன்று, பக்கத்தில் இரண்டு, பேஸுக்கென்று ஒரு சப்வூஃபர். முன் மூன்றும் ஒரே கம்பெனியின் ஒரே வரிசையாக இருக்க வேண்டும், இதில் சமரசம் கூடாது. லாரி இடமிருந்து வலமாகப் போகும்போது நடுவில் அதன் குரல் மாறினால் காது உடனே கண்டுபிடித்துவிடும். பக்க ஸ்பீக்கர் வேறு கம்பெனியாக இருந்தாலும் உலகம் முழுகிவிடாது.

ஆளுயர டவர் ஸ்பீக்கர் வேண்டாம் என்பேன். பேஸ் முழுவதையும் சப் பார்த்துக்கொள்ளப் போகிறது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அங்கே அனுப்பிவிட்டால் சின்ன புக்ஷெல்ஃப் பெட்டிக்கு மூச்சு வாங்காது. டவருக்குக் கொடுக்கும் காசில் அதைவிட நல்ல புக்ஷெல்ஃப் ஜோடி வரும். வீட்டில் குழந்தை இருந்தால் டவர் கவிழவும் கவிழும். இடதுக்கும் வலதுக்கும் நடுவே 8 அடி விடுங்கள். 12 அடிச் சுவரில் இரு பக்கமும் இரண்டு இரண்டு அடி மிஞ்சும். உச்ச ஒலி தரும் குட்டி ஸ்பீக்கரான ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்கும்படி ஸ்டாண்டில் வைத்து, முகத்தைச் சோபா பக்கம் லேசாகத் திருப்புங்கள்.

சென்டர் ஸ்பீக்கர்தான் அம்மாவின் ஸ்பீக்கர். இதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். கடையில் கிடைக்கும் சென்டர் பெட்டிகளில் பாதி, நடுவே ஒரு ட்வீட்டரும் இரு பக்கமும் கனத்த ஒலிக்கான இரண்டு வூஃபருமாகப் படுத்திருக்கும். நேர் எதிரே உட்காருபவருக்கு அது நன்றாகவே பேசும். சோபாவின் ஓரத்தில் உட்காருபவருக்கு, இரண்டு வூஃபரின் ஒலியும் வெவ்வேறு நேரத்தில் வந்து ஒன்றையொன்று தின்றுவிடும், குரல் மெலியும். அம்மாக்கள் பெரும்பாலும் சோபா நடுவில் உட்காருவதில்லை, சமையலறைப் பக்கத்து ஓரத்தில்தான் உட்காருவார்கள். ஆகவே ட்வீட்டருக்கு நேர் கீழே, இடைப்பட்ட ஒலிக்கென்று சின்ன மிட்ரேஞ்ச் ஒன்று தனியாக உள்ள மூன்று வழிச் சென்டர் கிடைத்தால் அதை எடுங்கள். இல்லையென்றால், முன் ஸ்பீக்கர் மாதிரியே மூன்றாவதாக ஒன்றை வாங்கி நிமிர்த்தி வைப்பது அதைவிடச் சிறந்தது.

காரைக்குடியில் ஒரு வீட்டுக்கு இரண்டு வருடத்துக்கு முன் போனேன். என்னைவிட நல்ல சாமான், எல்லாம் விலை உயர்ந்தவை. ஆனால் அந்த வீட்டு ஆச்சிக்கு வசனம் புரியவில்லை. பார்த்தால், தேக்கு ஷோகேஸின் அடித்தட்டில் ஒரு முழம் உள்ளே தள்ளிச் சென்டர் ஸ்பீக்கர், முன்னால் கண்ணாடிக் கதவு வேறு. குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவது மாதிரி. கதவைக் கழற்றினேன். பெட்டியைத் தட்டின் விளிம்புக்கு இழுத்தேன். அது இன்னும் ஆச்சியின் முழங்காலைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தது. பேரனின் ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து இரண்டு ரப்பரை எடுத்து முன்பக்கத்துக்கு அடியில் கொடுத்து முகத்தை நிமிர்த்தினேன். ரிசீவரில் சென்டரை மட்டும் 2 டெசிபல் கூட்டினேன். ஆச்சி அன்று பார்த்த சீரியலில் மாமியார் முணுமுணுத்தது முழுதும் கேட்டதாம். அவர்கள் புது ஸ்பீக்கருக்கு விலை கேட்கத்தான் என்னை அழைத்திருந்தார்கள்; போக்குவரத்துக் காசோடு திரும்பி வந்தேன்.

உங்கள் டிவி யூனிட்டைத் தச்சரிடம் சொல்லும்போது உயரம் ஒன்றரை அடி என்று சொல்லுங்கள். அதன்மேல் சென்டர் பெட்டி, அதற்கு மேல் சுவரில் டிவி. 65 அங்குல டிவியின் உயரம் 32 அங்குலம். அப்படி வைத்தால் திரையின் நடு, தரையிலிருந்து மூன்றரை அடியில் வரும், கண்ணுக்கு நேர். டீக்கடையில் மாட்டுவது மாதிரி ஏழடியில் மாட்டினால் கழுத்து வலிக்கும், சென்டர் ஸ்பீக்கரும் படத்தைவிட்டுத் தனியாகப் போய்விடும்.

சப்வூஃபர் 10 அங்குலம் அல்லது 12 அங்குலம், ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருப்பது. எங்கே வைப்பது என்பதற்கு ஒரு வேடிக்கையான வழி இருக்கிறது. சப்பைத் தூக்கிச் சோபாவில், நீங்கள் உட்காரும் இடத்திலேயே வையுங்கள். பேஸ் நிறைந்த ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, முன்சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். ஒரு மூலையில் 'பூம்' என்று குழையும், இன்னோரிடத்தில் காணாமல் போகும், ஏதோ ஒரு இடத்தில் ஒவ்வொரு தட்டும் தனித்தனியாகக் கேட்கும். சப்பை அங்கே வைத்துவிட்டு நீங்கள் சோபாவுக்குத் திரும்புங்கள். வீட்டில் விருந்தாளி இல்லாத நாளில் செய்யுங்கள், வேட்டி கட்டிக்கொண்டு தவழ்வதைப் பார்த்தால் வேறு மாதிரி நினைப்பார்கள். பிறகு ஷோகேஸைக் கவனியுங்கள். அடுக்கி வைத்த எவர்சில்வர், கண்ணாடிக் கதவு, கொலு பொம்மை, ஏதாவது ஒன்று நடுங்கும். சப் சரியில்லை என்று என்னிடம் வந்த புகாரில் பாதி, பொம்மைக்கு அடியில் ஒரு துண்டுத் துணி வைத்ததும் தீர்ந்தது.

ரிசீவருக்கு 65 ஆயிரம் வைத்துக்கொள்ளுங்கள். இங்கேதான் வாட் பூதம் வரும். உங்கள் கடைக்காரர் காட்டிய '1000 வாட்' எல்லாச் சேனலையும் கூட்டி, ஒலி கரகரவென்று உடைந்த பிறகும் அளந்த கணக்கு. ஒழுங்கான ரிசீவரின் தாளில் இப்படி இருக்கும்: 80 வாட், 8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனல் ஓடும்போது, சிதைவு 0.08 சதவீதம். இந்த வரி முழுதும் இருந்தால் நம்பலாம். '1 கிலோஹெர்ட்ஸில், 10 சதவீதச் சிதைவில், ஒரு சேனல்' என்று இருந்தால் எண்ணை மறந்துவிடுங்கள்.

அந்த 80 வாட் போதுமா? ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 88 டெசிபல் தரும் ஸ்பீக்கர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் 9 அடிக்கு வரும்போது அது 79 ஆகக் குறையும், அறை கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும். பேச்சு சுகமாகக் கேட்க 70 போதும். அதாவது சீரியல் பார்க்கும்போது ஒரு வாட்டில் எட்டில் ஒரு பங்குதான் ஓடுகிறது. 95 டெசிபல் அதிரடிக்குக்கூட 40 வாட் ஆகும். வாட்டை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல் மட்டுமே, காதுக்குச் சற்றே கூடின மாதிரி இருக்கும். அதே 3 டெசிபல், 85-க்குப் பதில் 88 உள்ள ஸ்பீக்கரை எடுத்தாலே இலவசமாக வந்துவிடும்.

ஆகவே வாட்டைப் பார்க்காமல் வேறு மூன்றைப் பாருங்கள். ஏழு சேனல் இருக்கட்டும், இப்போது ஐந்து போட்டுப் பிற்பாடு மேலே இரண்டு சேர்க்கலாம். டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே ரிசீவருக்கு வாங்கும் ஈ-ஆர்க் இருக்க வேண்டும். மைக் வைத்து அறையை அளந்து திருத்தும் வசதி இருக்க வேண்டும். டெனானில் ஆடிஸி, யமஹாவில் ஒய்பாவோ, ஓன்கியோவின் புதிய மாடல்களில் டிராக் என்று பெயர். அளக்கும்போது மைக்கைச் சோபாவின் சாய்மானத்தில் சாத்தி வைக்கிறார்கள், தப்பு. காது உயரத்தில் ஒரு கேமரா ஸ்டாண்டில் வையுங்கள், ஃபேனை நிறுத்துங்கள், குக்கர் விசில் அடங்கட்டும், ஆறு இடத்தில் அளவெடுங்கள். ஆடிஸி முடிந்ததும் ரிசீவர் முன் ஸ்பீக்கரை 'லார்ஜ்' என்று போட்டிருந்தால் 'ஸ்மால்' என்று மாற்றி 80 ஹெர்ட்ஸ் கொடுங்கள். இரவில் அப்பா தூங்கிய பிறகு பார்க்க, உரத்த ஒலியை அமுக்கி மெல்லிய ஒலியைத் தூக்கும் ஒரு வசதி ஒவ்வொரு ரிசீவரிலும் ஏதோ ஒரு பெயரில் இருக்கும். உங்கள் 'சத்தத்தைக் கூட்டினால் வீடு அதிர்கிறது' பிரச்சினைக்குப் பாதி மருந்து அதில் இருக்கிறது.

டிவியிலிருந்து ரிசீவருக்கு ஒரே எச்டிஎம்ஐ கேபிள், இரண்டு பக்கமும் 'ஈ-ஆர்க்' என்று எழுதிய துளையில். பிறகு டிவியின் ஒலி அமைப்பில் 'பிசிஎம்' என்று இருப்பதைப் 'பாஸ்த்ரூ' என்று மாற்றுங்கள். இதைச் செய்யாமல் வருடக்கணக்கில் ஐந்து ஸ்பீக்கரில் வெறும் ஸ்டீரியோ கேட்பவர்கள் உண்டு. ஓடிடியில் 5.1 உள்ள படத்தைப் போட்டுவிட்டு ரிசீவரின் முகப்பைப் பாருங்கள், 'டால்பி' என்று வர வேண்டும். நெட்ஃப்ளிக்ஸில் 4கே-யும் அட்மாஸும் அவர்களின் உயர்ந்த திட்டத்தில்தான் வரும், இருக்கிற திட்டத்தைச் சரிபாருங்கள்.

அமெரிக்காவிலிருந்து யாராவது ரிசீவர் கொண்டுவருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கே 120 வோல்ட். போன் சார்ஜர் 100 முதல் 240 வரை எதையும் தின்னும், ரிசீவருக்குள் இருக்கும் கனத்த டிரான்ஸ்ஃபார்மர் தின்னாது. 2009-ல் என் சித்தப்பா மகன் நியூஜெர்சியிலிருந்து சட்டைத் துணிகளுக்கு நடுவில் பொத்திப் பொத்தி ஒன்றைக் கொண்டுவந்தான். பிளக் சொருகி ஸ்விட்சைத் தட்டியது நான்தான். ஒரு உறுமல், பிறகு வார்னிஷ் தீயும் வாசனை. இந்தத் தொழிலில் இருப்பவன் பின்பக்கம் எழுதியிருந்ததைப் படிக்கவில்லை, யாரைச் சொல்ல? மூன்று பின் பிளக், ஒழுங்கான எர்த், டிவிச் சுவரில் குறைந்தது ஆறு பிளக் பாயின்ட், இவற்றையும் எலக்ட்ரீஷியனிடம் இப்போதே சொல்லுங்கள். இடி மின்னலின்போது கரண்ட் பிளக்கோடு டிஷ் கேபிளையும் கழற்றுங்கள். அந்த வழியாக வரும் அடியில் முதலில் சாகிறது எச்டிஎம்ஐ துளை.

மிச்சம் ஒரு லட்சத்தில் டிவி, 15 ஆயிரத்தில் வயர், ஸ்டாண்டு, ஜன்னல் திரை. டிவியில் ஓஎல்இடி-யின் கறுப்புக்கு ஈடு கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணைகிறது. ஆனால் உங்கள் ஹாலில் பகல் முழுதும் வெளிச்சம், அம்மா பகலில் சீரியலும் செய்தியும் பார்ப்பவர். ஒரே சேனலின் சின்னம் தினமும் ஆறு மணி நேரம் ஒரே மூலையில் நின்றால் ஓஎல்இடி-யில் தழும்பு விழும் வாய்ப்பு உண்டு. மினி எல்இடி எடுங்கள்: வெளிச்சத்துக்கு ஈடுகொடுக்கும், பின்விளக்கு பகுதி பகுதியாக அணைவதால் இரவுக் காட்சியும் கறுப்பாகத் தெரியும். 'க்யூஎல்இடி' என்ற பெயரைப் பார்த்து அதை ஓஎல்இடி என்று நினைத்துவிடாதீர்கள், அது எல்சிடி-தான். காட்சிக்குக் காட்சி வெளிச்சத்தைச் சரிசெய்யும் டால்பி விஷன் கட்டாயம் வேண்டுமென்றால் சாம்சங்கில் தேடாதீர்கள், அவர்கள் அதற்குப் போட்டியான எச்டிஆர்10 பிளஸ் பக்கம். பழைய விலைப்பட்டியலை வைத்துப் பேசாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது.

ஷோரூமில் எல்லா டிவியும் 'விவிட்' நிறத்தில் பச்சைக்கிளியாக மின்னும். ரிமோட்டை வாங்கி 'மூவி' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' முறைக்கு மாற்றி, முகங்கள் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் 'மோஷன்' என்று இருப்பதை அணையுங்கள். சினிமா நொடிக்கு 24 படம். டிவி நடுநடுவே தானாகப் படம் செருகினால் எந்தப் பெரிய படமும் கல்யாண வீடியோ மாதிரிதான் தெரியும்.

ஸ்பீக்கர் கேட்கப் போகும்போது கடைக்காரரின் வெடிகுண்டு டெமோவை ஐந்து நிமிடம் மரியாதைக்குக் கேட்டுவிட்டு, உங்கள் பாட்டைப் போடச் சொல்லுங்கள். நன்றாகத் தெரிந்த பழைய குரல், கூடவே நாதஸ்வரம் ஒன்று. நாதஸ்வரம் மேலே போகும்போது காது கூசினால் அந்தப் பெட்டி வேண்டாம். நம் டைல்ஸ் ஹாலில் அது இன்னும் கூசும். இரண்டு பெட்டியை ஒப்பிடும்போது சத்தம் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பொட்டு உரத்துக் கேட்பதுதான் நல்லதாகத் தோன்றும், விற்பவர்களுக்கு இது தெரியும்.

ஒன்று மட்டும் நீங்கள் எழுதவில்லை. ஹாலில் ஊஞ்சல் போடப் போகிறீர்களா? தளத்தில் கொக்கி விட்டிருந்தால் சொல்லுங்கள். அம்மா சோபாவில் உட்காருவாரா, ஊஞ்சலிலா? ஊஞ்சல் என்றால் அது தொங்கும் இடத்தை டிவிச் சுவரிலிருந்து அளந்து அனுப்புங்கள், சரவுண்ட் பைப் முடியும் அந்தப் பன்னிரண்டு அடியை மாற்ற வேண்டியிருக்கும். பூச்சுக்காரர் வருவதற்குள் சொன்னால் நல்லது.